‘டர்ன் ஒன் த பிரைட் லைட்ஸ்’: கொப்பியா, வாரிசா?

2024 ஜூன் 8, காலை – பண்டாரவளைத் தம்பி கேட்டது

“அண்ணே, நீங்க சொன்ன இன்டர்போல் ஆல்பத்தை ராத்திரி முழுக்கக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு, இந்த மழைக்கும் பனிக்கும் ஏத்த மாதிரி. ஆனா இது அப்படியே ஜோய் டிவிஷன் கொப்பி. பாடுறவர் வாயைத் திறந்ததும் தெரிஞ்சிருச்சு. 1979ல ஒருத்தர் செஞ்சதை 2002ல இன்னொருத்தர் திரும்பச் செஞ்சா அதுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?”

ஜூன் 8, இரவு

கொப்பி இல்லை தம்பி. வாரிசு என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

குரல் ஒத்துப்போகிறது, அதில் வாதம் இல்லை. நியூயோர்க்கின் இன்டர்போல் குழுவில் பாடுகிற பால் பேங்க்ஸுக்குத் தாழ்ந்த, கனத்த குரல். இங்கிலாந்தின் ஜோய் டிவிஷன் குழுவில் பாடிய ஈயன் கேர்ட்டிஸுக்கும் அப்படித்தான். இரண்டு பேருமே குரலில் சிரிப்போ அழுகையோ காட்டாமல் நேரே நின்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காதில் முதலில் விழுவது குரல் என்பதால் முதல் இரண்டு பாட்டிலேயே எல்லாரும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 2002 ஆகஸ்டில் மெட்டடோர் நிறுவனம் இதை வெளியிட்ட காலத்திலிருந்தே இதே பேச்சுத்தான். ஜோய் டிவிஷன் பெயரைச் சொல்லாத விமர்சனம் அபூர்வம். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் அந்த ஆண்டின் முதலிடத்தை இதற்குக் கொடுத்தது.

ஆனால் வாசிக்கிறவர்கள் நாலு பேர். டேனியல் கெஸ்லர் கிட்டார். பேங்க்ஸ் குரலோடு இன்னொரு கிட்டார். கார்லோஸ் டெங்லர் பேஸ், அதாவது கீழ்ச்சுரம் வாசிக்கிற கிட்டார். சாம் ஃபோகரினோ டிரம்ஸ். குரலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மிச்சத்தைக் கேள்.

எதில் கேட்டாய், போனிலா?

ஜூன் 9, காலை

போனில்தான், ஹெட்செட்டும் இல்லாமல் என்கிறாய். அப்போ பாதி ஆல்பம்தான் உனக்குக் கிடைத்திருக்கிறது.

இதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுகிறோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா, கல்யாணம், சடங்கு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று ஸ்பீக்கர் பொக்ஸ் தூக்கிக்கொண்டு போகிற வேலை. பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த அதிர்வைக் காற்றில் தள்ளுவதற்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும், 15 அங்குலம் இருந்தால் நல்லது. போன் ஸ்பீக்கரால் அது முடியவே முடியாது. அது குரலையும் கிட்டாரின் கூர்மையான பக்கத்தையும் மட்டும் கொடுக்கும். கீழே ஓடுவதெல்லாம் அறுபட்டுப் போகும்.

இந்த ஆல்பத்தில் கீழே ஓடுவதுதான் மெட்டு. டெங்லர் சும்மா அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பேஸ்காரர் இல்லை. ஏறி இறங்கி, பாட்டுக்குள் தனியாக ஒரு பாட்டு வாசிக்கிறார். சில இடங்களில் பேங்க்ஸ் ஒரே சுரத்தில் நிற்க, அசைவு முழுவதும் பேஸில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தாழ்ந்த குரலும் இரண்டு கூரான கிட்டாரும். அப்படிக் கேட்டால் யாருக்கும் ஜோய் டிவிஷன் ஞாபகம்தான் வரும். உன் காதைக் குறை சொல்லவில்லை.

ஒரு நல்ல ஹெட்செட் இரவல் வாங்கு. முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு எழுது.

ஜூன் 9, இரவு

பதுளை அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். ஜோய் டிவிஷனிலும் பேஸ்தானே மெட்டு வாசிக்கிறது, அப்போ அதுவே கொப்பிக்குச் சாட்சி ஆகாதா என்று.

ஆமாம் அக்கா, அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ஜோய் டிவிஷனின் பேஸ்காரர் பீட்டர் ஹூக் ஏன் அப்படி வாசித்தார் என்பதற்கு அவரே காரணம் சொல்லியிருக்கிறார். ஒத்திகையில் பேர்னார்ட் சம்னருடைய கிட்டார் அம்ப்ளிஃபயர் சத்தம் அதிகம். ஹூக்கிடம் இருந்தது நல்ல செட் இல்லை. கீழ்ச்சுரங்களில் வாசித்தால் தான் வாசிப்பது தனக்கே கேட்காது. மேலே ஏறி வாசித்தால்தான் கேட்கும். ஏறினார். கேர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போக, அப்படியே வாசி என்று ஊக்கப்படுத்தினார். ஒரு மட்டமான அம்ப்ளிஃபயர் ஒரு பாணியையே உண்டாக்கிவிட்டது. பழைய செட்டோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது வித்தியாசம். ஹூக் மேலே ஏறியதும் கீழே வெற்றிடம் விழுகிறது, அதை யாரும் நிரப்பவில்லை. சம்னருடைய கிட்டார் விட்டு விட்டு வருகிறது. அவர்களுடைய ‘அன்நோன் பிளஷர்ஸ்’ ஆல்பத்தின் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அந்த வெற்றிடத்தை வேண்டுமென்றே பெரிதாக்கினார். 1979 ஏப்ரலில் ஸ்டொக்போர்ட்டில் இருக்கிற ஸ்ட்ரோபெரி ஸ்டூடியோவில் பதிவு. டிரம்ஸ்காரர் ஸ்டீஃபன் மொரிஸை டிரம்ஸின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வாசிக்க வைத்தாராம். ஒன்றின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் ஒழுகக்கூடாது. அந்த ஸ்டூடியோவின் லிஃப்ட் சத்தத்தைக்கூடப் பதிவு செய்து ஒரு பாட்டில் வைத்தார். நாலு பேர் ஒரே இடத்தில் நின்று வாசித்தாலும் நாலு பேரும் நாலு அறையில் பூட்டிக் கிடப்பதுபோல் கேட்கிறதே, அது இப்படித்தான் வந்தது.

இன்டர்போலில் யாரும் தனியாக இல்லை. அக்கா, ‘அப்ஸ்டகிள் 1’ பாட்டில் இரண்டு கிட்டாரையும் பிரித்துக் கேளுங்கள். ஒன்று விடுகிற இடைவெளியில் மற்றது விழுகிறது. இரண்டில் ஒன்றை நிறுத்தினால் பாட்டு ஓடாது. அந்த நெருக்கம் ஜோய் டிவிஷனிலிருந்து வரவே முடியாது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒரு கிட்டார்தான்.

ஜூன் 12

இந்த ஆல்பம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

2022. டீசல் இல்லை, கரண்ட் இல்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்களே, அந்தக் காலம். திருவிழாக்களைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். சவுண்ட்ஸுக்கு வேலை இல்லை. கொழும்பில் கடையில் நின்ற பெரியப்பா மகன் வேலை போய் ஊருக்கு வந்திருந்தான். அவனுடைய மெமரி சிப்பில், போர்டிங்கில் கூட இருந்த யாரோ ஏற்றிக்கொடுத்த இங்கிலீஷ் பாட்டுகள் நிறையக் கிடந்தன. பெயர்கூடச் சரியாக இல்லாத ஃபைல்கள்.

எங்களிடம் இருந்தது லொறி பெட்டரி ஒன்றும் 12 வோல்ட் அம்ப்ளிஃபயர் ஒன்றும். ஸ்டோர் அறையில் ஒரே ஒரு 15 அங்குல பொக்ஸில் மாட்டி, பெட்டரி இறங்கிவிடாமல் இருக்கச் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டோம். வெளியே லயத்து வீடுகளில் ஒரு விளக்கும் இல்லை. குரலில் என்ன சொல்கிறார் என்று பாதிக்கு மேல் விளங்கவில்லை. பேஸ் மட்டும் சிமெந்துத் தரை வழியாகக் காலில் ஏறியது.

அதனால்தான் தம்பிக்கும் எனக்கும் ஆரம்பமே வேறு. அவருக்குக் குரல் முதலில் வந்தது. எனக்குக் குரல் கடைசியாக வந்தது. ஜோய் டிவிஷன் என்ற பெயரையே அதற்குப் பிறகுதான் நான் கேள்விப்பட்டேன். மகனிடமிருந்து அப்பாவிடம் போன மாதிரி, பின்னோக்கித்தான் கேட்டுக்கொண்டு போனேன். இந்த வரிசையில் கேட்கிறவனுக்குக் கொப்பி என்ற எண்ணம் வராது. யாரிடமிருந்து எது வந்தது என்று கண்டுபிடிக்கிற ஆசைதான் வரும்.

ஜூன் 15

இந்த ஆல்பத்தில் கேட்கிற எக்கோ என்ன என்று கேட்டவருக்கு. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

திருவிழாவில் மைக்கைப் பிடிக்கிற எல்லாரும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, கொஞ்சம் எக்கோ போடுங்க.” ஆனால் மிக்ஸரில் அந்தப் பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று ரிவெர்ப். மற்றது டிலே. மலைநாட்டில் இருக்கிறவர்களுக்கு இரண்டையும் காட்ட மிக்ஸரே வேண்டாம்.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறதல்லவா, இலங்கையின் நீளமான ரயில் சுரங்கங்களில் ஒன்று, அரைக் கிலோமீட்டருக்கு மேல். ரயில் உள்ளே போனதும் பெடியன்கள் ஜன்னலால் தலையை நீட்டிக் கூவுவார்கள். கூவின சத்தம் ஆயிரம் துண்டாக உடைந்து, ஒன்றோடொன்று கலந்து, ஒரே இரைச்சலாக நீண்டு அடங்கும். அது ரிவெர்ப்.

ஒரு மலையில் கொழுந்து எடுக்கிற இடத்திலிருந்து எதிர்மலையைப் பார்த்துக் கூப்பிட்டால், கூப்பிட்டது முழுசாக, தெளிவாக, கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வரும். அது டிலே. நம் குளிருக்குச் சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடுகிறது. எதிர்மலை 170 மீட்டரில் இருந்தால் உன் குரல் ஒரு வினாடியில் உன்னிடம் வந்துவிடும். 60 மீட்டரில் ஒரு பாறைச் சுவர் இருந்தால் வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்.

இந்த ஆல்பத்தின் முதல் பாட்டைத் திறந்ததும் ஒரு கிட்டார் மட்டும் ஒரு சின்னச் சுரக்கோர்வையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறதே, அதற்குப் பின்னால் நடப்பது இதுதான். சுரம் போகிறது, திரும்பி வருகிறது, அது வந்து சேர்வதற்குள் அடுத்தது போகிறது. ஒரு கிட்டார் இரண்டு மூன்றாகிவிடுகிறது. பிறகு டிரம்ஸும் பேஸும் உள்ளே வருகின்றன. அந்த நுழைவு எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். அந்தப் பாட்டில் வார்த்தைகள் மிகக் குறைவு. பெயரும் இல்லை, ‘அன்டைட்டில்ட்’ என்றே விட்டுவிட்டார்கள். வார்த்தை குறைந்ததால் இடத்தின் அளவு காதுக்குத் தெரிகிறது.

‘என்.வை.சி.’ பாட்டு ரிவெர்ப் பக்கம். மெதுவாகப் போகிற பாட்டு, கிட்டாரின் ஓரங்கள் எல்லாம் கரைந்து போய் ஒரே மூட்டமாக இருக்கும். ஆல்பத்தின் தலைப்பே அந்தப் பாட்டின் வரியிலிருந்து எடுத்ததுதான்.

ஹானெட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஏ.எம்.எஸ். என்ற கம்பனி செய்த டிஜிட்டல் டிலே பெட்டியை ஆரம்ப நாட்களிலேயே எடுத்து, டிரம்ஸின் மேல் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். அவர் வைத்த தாமதம் மிகச் சின்னது. எதிரொலி என்று காது பிரித்து உணராது, அடி விழுந்த அறை மட்டும் விநோதமாகத் தோன்றும். பக்கத்தில் விழுகிறதா தூரத்தில் விழுகிறதா என்று தெரியாத அடி. அந்தக் குளிர் அங்கிருந்து வருகிறது.

இன்டர்போல் ஆல்பத்தை கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட்டில் இருக்கிற டார்க்வின் ஸ்டூடியோவில் பீட்டர் கேட்டிஸ் பதிவு செய்தார். 2001 நவம்பர். அங்கே டிரம்ஸ் முழுசாக ஒரு மனிதர் உட்கார்ந்து வாசிக்கிற டிரம்ஸாகவே கேட்கிறது. குளிர் இருக்கிறது, ஆனால் ஆள் இருக்கிறார்.

ஜூன் 16

மேலே ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். இந்த ஆல்பம் நியூயோர்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலைப் பற்றி எழுதப்பட்டது என்கிறார். பதிவு நடந்தது தாக்குதலுக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு, அது சரி. ஆனால் குழு 1997இலிருந்து இருக்கிறது, பாட்டுகளில் பல அந்த செப்டெம்பருக்கு முன்பே எழுதி மேடையில் வாசிக்கப்பட்டவை. அந்த நகரத்து மக்கள் தங்கள் துக்கத்தை இந்தப் பாட்டுகளில் கேட்டார்கள் என்பது வேறு விஷயம், அது உண்மையும்கூட. கேட்கிறவர் மனதில் இருப்பதும் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நானும் அப்படித்தான் 2022ஐ இதற்குள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 22

அக்கா, நுவரெலியா நடைபாதைக் கடையில் நீங்கள் பார்த்த கறுப்பு டீஷேர்ட் அதுதான். வெள்ளைக் கோடுகளாக அடுக்கடுக்காக மலை இருக்கிற படம். ‘அன்நோன் பிளஷர்ஸ்’ அட்டை. நம் ஊர்ப் பிள்ளைகள் அதை மலை என்று நினைத்து வாங்குவதில் ஆச்சரியமே இல்லை, பனிக்கு நடுவே வரிசை வரிசையாக மலைமுகடு தெரிகிற ஊர்க்காரர்கள் நாம்.

அது ஒரு நட்சத்திரத்தின் துடிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல் முதன்முதலில் கண்டுபிடித்த பல்சார், சி.பி. 1919. அதிலிருந்து வந்த வானொலித் துடிப்புகள் 80ஐ ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்தால் வருகிற படம் அது. ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் குழுவினர் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்துக் கொடுக்க, பீட்டர் சவில் என்ற வடிவமைப்பாளர் அதை வெள்ளைக் கோடாக மாற்றிக் கறுப்பில் வைத்தார். அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை.

அந்த நட்சத்திரம் 1.337 வினாடிக்கு ஒரு தடவை துடிக்கிறது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 45 துடிப்பு. நானும் பெரியப்பா மகனும் மேசையில் தட்டிப் பார்த்தோம். சாவு ஊர்வலத்தில் கூட இவ்வளவு மெதுவாக நடக்க மாட்டோம்.

ஜூன் 23

கேர்ட்டிஸின் சோகத்தைப் போலச்செய்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு வார்த்தை. கேர்ட்டிஸுக்கு வலிப்பு நோய் இருந்தது. மேடையிலேயே வந்திருக்கிறது. 1980 மே 18ஆம் திகதி, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், 23 வயதில் உயிரை விட்டார். இரண்டாவது ஆல்பம் ‘குளோசர்’ அவர் இறந்த பிறகு ஜூலையில் வந்தது. அந்தப் பாட்டுகளில் இருப்பது அவருடைய வாழ்க்கை. பேங்க்ஸ் அந்த இடத்துக்குள் கால் வைக்கவே இல்லை. அவர் எழுதுவது நகரத்தில் ஒருவன் ஒருத்தியிடம் நெருங்கவும் விலகவும் தெரியாமல் நிற்கிற கதை. நோயும் மரணமும் அல்ல. இதையும் அதையும் ஒன்றாக்கினால் இருவருக்கும் அநியாயம்.

ஜூன் 30

இத்தனை நாளும் நாம் எல்லாரும் ஜோய் டிவிஷனைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறோம். இந்த வாரம் மழையால் மாத்தளைப் பக்கத்துக் கல்யாணம் தள்ளிப்போக, உட்கார்ந்து ‘ஸ்கிரிப்ட் ஒஃப் த பிரிட்ஜ்’ ஆல்பத்தை முழுக்கக் கேட்டேன். த கமிலியன்ஸ் என்ற குழு, 1983. மென்செஸ்டருக்குப் பக்கத்தில் மிடில்டன் என்ற ஊர்.

தம்பி, நீ தேடுகிற சாட்சி இங்கே இருக்கிறது.

இரண்டு கிட்டார், ரெஜ் ஸ்மித்தீஸும் டேவ் ஃபீல்டிங்கும். இரண்டிலும் டிலே. ஒன்றின் எதிரொலிக்குள் மற்றது நுழைந்து, எது அசல் எது திரும்பி வந்தது என்று பிரிக்க முடியாத பின்னல். கீழே பாடுகிறவரே பேஸ் வாசிக்கிறார், மார்க் பர்ஜஸ். ‘அன்டைட்டில்ட்’ தொடக்கத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைக் கேள். குரல் வேறு, ஆனால் வீடு ஒன்று. கடன் எவ்வளவு என்று கணக்குப் போட்டால், என் காதுக்கு ஜோய் டிவிஷனைவிடக் கமிலியன்ஸுக்குத்தான் அதிகம் போகும்.

ஆனால் கமிலியன்ஸ் பெயர் நம் பக்கம் யாருக்கும் தெரியாது. டீஷேர்ட்டும் வரவில்லை. பிரபலமான பெயர் ஒன்று இருந்தால் எல்லாக் கடனும் அந்தப் பெயரிலேயே எழுதப்பட்டுவிடுகிறது, பக்கத்தில் நின்றவர் காணாமல் போகிறார். இது எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருக்கிறது.

ஜூன் 30, பின்னர்

டெலிவிஷன் குழுவையும் சேர்க்காமல் விட்டால் தூக்கம் வராது. நியூயோர்க், ‘மார்க்கீ மூன்’, 1977. டொம் வெர்லெய்னும் ரிச்சர்ட் லொயிடும். இரண்டு கிட்டாரும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி, பின்னி, தலைப்புப் பாட்டு பத்து நிமிஷம் ஓடுகிறது, ஒரு நிமிஷம்கூட வீணில்லை. எதிரொலி கிடையாது, துடைத்துவைத்த மாதிரிச் சுத்தமான சத்தம்.

இன்டர்போலின் ‘பி.டி.ஏ.’ பாட்டின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். குரல் முடிந்த பிறகும் பாட்டு முடியாமல், கிட்டார்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து அடுக்கிக்கொண்டே போகும். அந்தப் பொறுமை டெலிவிஷனுடையது. வெர்லெய்ன் 2023 ஜனவரியில் காலமானார். செய்தி வந்த அன்று முழு நாளும் ஸ்டோரில் ‘மார்க்கீ மூன்’தான் ஓடியது.

ஜூலை 7

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரிசையை அக்கா கேட்டார். கேட்டதை வைத்து எழுதுகிறேன், பக்கத்தில் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயோர்க்கில் 1967இல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற குழுவின் முதல் ஆல்பம். விற்பனை குறைவு, கேட்டவர்கள் விடவில்லை. இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி கேட்டார். போவி 1977 ஜனவரியில் ‘லோ’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பிரான்ஸில் தொடங்கி பெர்லினில் முடித்தது. பிரையன் ஈனோ என்ற இசைக்கலைஞர் கூட இருந்தார். அதில் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி, ஹார்மனைஸர் என்ற புதுப் பெட்டியை டிரம்ஸில் மாட்டினார். அடிக்கிற ஒவ்வொரு அடியும் கீழே சரிந்து விழுகிற மாதிரிக் கேட்கும். ஹானெட்டுக்கு டிரம்ஸ் மேல் வந்த பைத்தியத்துக்கு முந்தின படி இது என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘வோர்சாவா’ என்று ஒரு பாட்டு. மென்செஸ்டரில் சம்னரும் ஹூக்கும் 1976 ஜூனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் கச்சேரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து குழு தொடங்கினார்கள். கேர்ட்டிஸ் வந்து சேர்ந்தார். அந்தப் போவி பாட்டிலிருந்து ‘வோர்சோ’ என்று பெயர் வைத்தார்கள். அதுதான் பிறகு ஜோய் டிவிஷன் ஆனது. ஜோய் டிவிஷன் மேடையில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பாட்டையும் வாசித்திருக்கிறது.

ஆக, நியூயோர்க்கிலிருந்து பெர்லின், பெர்லினிலிருந்து மென்செஸ்டர். 2002இல் மறுபடி நியூயோர்க். இன்டர்போல் இங்கிலாந்துக்காரரிடமிருந்து எடுத்தார்கள் என்கிறோம். அந்த இங்கிலாந்துக்காரர்கள் எடுத்ததில் ஒரு பகுதி இவர்கள் ஊரிலிருந்தே போனது.

ஜூலை 13

தம்பி முந்தாநாள் வேறு மாதிரிக் கேட்டார்: “அப்போ யாருக்குமே சொந்தமா ஒண்ணும் இல்லையா அண்ணே?”

இதற்கு நேரடியாகப் பதில் சொல்லத் தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிற தாத்தா ஒருவர் இருக்கிறார். மாசி மாதம் காமன் கூத்துக்கு அவர்தான். சாவு வீட்டுக்கும் அவர்தான். முந்தைய காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆட்களைக் கூப்பிடத் தப்பு அடித்த பரம்பரை. மாலையில் ஸ்டோர் பக்கம் வந்து பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார். நான் ‘பி.டி.ஏ.’ போட்டிருந்தேன். அது டிரம்ஸோடு தொடங்குகிற பாட்டு. தாத்தா கிளாஸை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். முடிந்ததும் கேட்டது இதுதான்:

“இவன் யார்கிட்டடா படிச்சான்?”

நல்லா இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. யாரிடம் படித்தான். அவருக்கு அதுதான் முதல் கேள்வி. அவர் அடிக்கிற ஒவ்வொரு அடியையும் அவருடைய அப்பாவிடமும் மாமனிடமும் எடுத்தது என்று வெளிப்படையாகச் சொல்வார். காமன் தகனத்துக்கு அடிக்கிறது மாமனுடையது. சாவுக்கு அடிக்கிறது அப்பாவுடையது, ஆனால் நடுவில் ஒரு இடத்தில் அப்பா விடாத ஒரு மூச்சு இவர் விடுவார். தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுகிறபோதே தட்டித் தட்டிப் பார்த்து, தனக்குப் பிடித்த சுருதி வந்ததும் எடுத்துவிடுவார். அந்தச் சுருதி அப்பாவுடையதைவிடக் கொஞ்சம் கீழே. அவருடைய சொந்தம் அந்த மூச்சும் அந்தச் சுருதியும்தான். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர் அடிக்கிறார் என்று தெரியும்.

ஃபோகரினோவைப் பற்றி இப்போதுதான் எனக்குச் சொல்ல வந்தது, தம்பி. மொரிஸ் ஒரு இயந்திரத்தைப்போல அசையாமல் அடிப்பார், ஹானெட்டும் அதைத்தான் கேட்டார். ஃபோகரினோ ஹை-ஹெட் என்ற ஜோடித் தட்டைத் திறந்து மூடி, ஆடுகிற தாளத்தைச் சோகப் பாட்டுக்குள் கொண்டுவருகிறார். ‘சே ஹலோ டு தி ஏஞ்சல்ஸ்’ பாட்டில் கால் தானாக ஆடும். அந்தப் பாட்டில் த ஸ்மித்ஸ் குழுவின் துள்ளல் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. மற்ற மூவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, டிரம்ஸ் மட்டும் ஆடச் சொல்கிறது. அந்த இழுபறி ஜோய் டிவிஷனில் இல்லை, கமிலியன்ஸில் இல்லை, டெலிவிஷனில் இல்லை. அது இவர்களுடையது.

ஜூலை 14

ஒரு சின்னச் சேர்க்கை. 2010இல் டெங்லர் குழுவை விட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் இல்லாமல் பதிவு செய்த ஆல்பங்களில் அதே குரல், அதே கிட்டார், அதே டிரம்ஸ். பேஸ் மட்டும் பின்னால் போய்விட்டது. குரல்தான் இந்தக் குழு என்றால் ஒன்றும் மாறியிருக்கக்கூடாது. கேட்டுப்பாருங்கள், எவ்வளவு மாறியிருக்கிறது என்று.

ஜூலை 20

தம்பிக்கு ஹெட்செட் கிடைத்துவிட்டதாம். “அண்ணே, அந்த முதல் பாட்டுல பேஸ் வர்ற இடத்துல எழும்பி உக்காந்துட்டேன்” என்று எழுதியிருக்கிறார். இதுக்கு மேல் நான் என்ன வாதாட.

இன்னும் குரல் கேர்ட்டிஸ் மாதிரித்தான் என்கிறார். இருக்கட்டும், அதை நானும் முதல் நாளே ஒத்துக்கொண்டேன்.

பேஸ் பழகத் தொடங்குகிறேன், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். ‘அன்டைட்டில்ட்’ எடு தம்பி, மெதுவான பாட்டு, சுரங்கள் காதுக்குத் தெளிவாக விழும். அதற்குப் பிறகு ஹூக் வாசித்த ‘ஷீஸ் லொஸ்ட் கன்ட்ரோல்’, கழுத்தின் மேல் பக்கம் விரல் வைத்து வாசிக்கப் பழக்கும். இன்டர்போலின் ‘ஸ்டெல்லா’ பாட்டை அவசரப்பட்டுத் தொடாதே, அது 6 நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது, விரல் தாங்காது. கம்பி பழசாக இருந்தால் மாற்று. நம் ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வை. அம்ப்ளிஃபயர் இல்லையென்றால் ஹட்டனுக்கு வரும்போது சொல், திருவிழா இல்லாத நாளில் எங்கள் பொக்ஸ் ஒன்று சும்மாதான் இருக்கும்.